இரும்பு படாத காடு

எங்கள் ஊர் ஒரு முறை சர்க்காரை ஜெயித்தது. ஜெயித்த கையோடு ஒரு காட்டைத் தொலைக்கவும் தொடங்கியது. அந்த வெற்றிக்கு வைத்த பொங்கலுக்கு அரிசி களைந்தவள் நான். அதனால் இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

ஊர் ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில், சாலையை விட்டு விலகி மலையடிவாரத்தில் இருந்தது. மேலே மலை. மலைக்குக் கீழே புதரும் பாறையுமாக ஒரு சரிவு. சரிவு முடிகிற இடத்தில் கன்னிமார் காடு. அதற்கும் கீழே எங்கள் புன்செய் நிலங்கள். மலை என் மாமனார் பிறப்பதற்கு முன்பே சர்க்காரின் ரிசர்வுக் காடு ஆகிவிட்டது. சரிவு மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல், அதனாலேயே எல்லோருக்கும் சொந்தமாக இருந்தது. ஆடு மேய்ப்பதும் விறகு பொறுக்குவதும் நிலத்துக்கு உரமாகத் தழை வெட்டுவதும் அங்கேதான்.

நான் காவிரிக்கு அக்கரை, கரூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணத்தின்போது என் அப்பா செம்மறியும் வெள்ளாடுமாக ஒரு சிறு மந்தையை என்னோடு அனுப்பினார். அது எனக்கென்று கொடுத்தது. குட்டி போட்டாலும் செத்துப்போனாலும் என் பாடு. புகுந்த வீட்டில் நான் நிமிர்ந்து நடந்ததற்கு அந்த மந்தைதான் காரணம், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு நிலத்தையும் சுற்றிக் கிளுவை வேலி இருக்கும். நிலத்தில் ஒரு பாகத்தை உழாமல் கொழுக்கட்டைப் புல்லுக்கு விட்டுவிடுவார்கள். அங்கங்கே வெள்வேல மரங்கள் நிற்கும். ஆடுமாடு அந்த வேலிக்குள்ளேயே மேய்ந்து வளரும்.

இங்கே வந்து பார்த்தால் ஒரு நிலத்துக்கும் வேலி இல்லை. அறுவடை முடிந்துவிட்டால் யார் நிலத்தில் யார் ஆடு வேண்டுமானாலும் மேயலாம் என்பது ஊர் வழக்கம். எனக்கு அது கதவில்லாத வீடுகளைப் பார்ப்பது போல இருந்தது. வந்த வாரத்திலேயே அதை வாய்விட்டுச் சொன்னேன். நாலு நாளைக்காவது சும்மா இரு என்றார் என் மாமியார். அவர் சொன்னபடி நாலு நாள் இருந்திருப்பேன்.

கன்னிமார் காட்டுக்கு ஒரே ஒரு சட்டம்தான். உள்ளே இரும்பு படக்கூடாது. ஏழு கன்னிமாருக்கு ஏழு கல் நட்டிருந்தார்கள். சுற்றிலும் உசிலை, ஆத்தி, வேம்பு, வெப்பாலை, நடுவில் பெரிய இலுப்பைகள். சித்திரை வெயிலிலும் அந்தக் கற்களைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். உள்ளே போகிற ஆண்கள் அரிவாளை வெளியே ஒரு பட்டமரத்துக் கிளையில் மாட்டிவிட்டுப் போவார்கள். பெண்கள் இடுப்புச் சாவியைக் கழற்றி வைப்போம். லாடம் அடித்த மாட்டுக்கு அனுமதி இல்லை. ஒரு முறை பூசாரியே மடியில் பாக்குவெட்டி இருப்பதை மறந்து நுழைந்துவிட்டு, காய்ச்சலில் படுத்துக்கொண்டார். காய்ச்சலுக்குக் காரணம் பாக்குவெட்டி என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. பூசாரிக்கும் இல்லை.

எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, சரிவையும் ரிசர்வில் சேர்க்கப்போகிறார்கள் என்று தண்டோரா போட்டார்கள். ஆட்சேபணை இருப்பவர்கள் வந்து சொல்லலாம் என்று ஒரு நாள் குறித்தார்கள். காட்டு இலாகா எல்லைகளை முடிவு செய்கிற ஆபீசர் ஒருவர் வந்து, கன்னிமார் காட்டின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் கொண்டுவந்த வரைபடத்தில் கோடு கன்னிமார் காட்டுக்குக் கீழே ஓடியது. அதாவது சரிவோடு சேர்ந்து கன்னிமாரும் சர்க்காருக்கு.

ஊர் சார்பில் பேசியவர் என் மாமனார். பேச்சென்றால் அவர்தான். சந்தையில் மாடு பிடிப்பதிலிருந்து பங்காளிச் சண்டை தீர்ப்பதுவரை அவரைக் கூப்பிடாமல் எதுவும் நடக்காது. அன்று பெண்கள் நாங்கள் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தோம். அவர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"சரிவை எடுத்துக்கங்க சாமி, அதுக்கு நாங்க குறுக்க நிக்கலீங்க. கன்னிமாரை மட்டும் எங்ககிட்ட உட்டுருங்க. இதுல இதுவரைக்கும் இரும்பு பட்டதில்லீங்க, இனியும் படாதுங்க. உங்க பாரஸ்ட்டு கார்டு பாக்கறதைவிட நாங்க நல்லாப் பாத்துக்குவோமுங்க. இந்தக் காடு போச்சுன்னா என்னையக் கேளுங்க."

ஆபீசர் நல்ல மனிதர். ஆணி அடித்த பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தார். இவ்வளவு பெரிய மரங்களை மலை மேலேயே அதிகம் பார்க்கவில்லை என்று கூட வந்தவரிடம் சொன்னாராம். அப்புறம் கோட்டை மேலே தள்ளிப் போடச் சொல்லிவிட்டார். சில மாதத்தில் கன்னிமார் காட்டுக்கு மேற்புறமாக எல்லைக் கற்குவியல்கள் எழுந்தன. கற்களுக்கு அந்தப் பக்கம் சர்க்கார், இந்தப் பக்கம் கன்னிமார்.

பொங்கல் வைத்தோம். மாமனாருக்கு மாலை போட்டார்கள். நான் பானையை இறக்கிக்கொண்டே என் வீட்டுக்காரரிடம் கேட்டேன், சரிவைத்தான் அடைத்துவிட்டார்களே, இத்தனை ஆடும் இனி எங்கே போகும் என்று. அதெல்லாம் கன்னிமார் பார்த்துக்கொள்வார்கள் என்றார். அவர் பக்தியில் சொன்னார். ஆடுகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன.

ரிசர்வுக்குள் மாட்டுக்குப் பர்மிட் உண்டு, ஆட்டுக்குக் கிடையாது. பிடிபட்ட ஆட்டைப் பவுண்டு என்கிற சர்க்கார் பட்டியில் அடைத்துவிடுவார்கள். ஆகவே ஊர் ஆடு மொத்தமும் காலையில் புறப்பட்டுக் கற்குவியலுக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரே பசுமைக்கு வந்து சேர்ந்தது. பூசாரி மட்டும் ஒரு தடவை முனகினார். ஆட்டு வாயில் இரும்பா இருக்கிறது என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டார்கள். என் ஆடும் அதில் இருந்தது. இல்லை என்றால் நம்புவீர்களா?

நான் பார்த்த வரையில் எங்கள் ஊர்க்காரர்கள் அந்த ஒரு சட்டத்தை ஒரு நாளும் மீறவில்லை. இதைத்தான் வெளியூர்க்காரர்களுக்கு விளங்கவைக்க முடிவதில்லை. அரிவாள் கடைசிவரை பட்டமரத்தில்தான் தொங்கியது. விறகுக்குச் சரிவு இல்லாமல் போனதும், கிளையைக் கையால் ஒடித்தார்கள். கைக்கு எட்டாத கிளைக்கு மரக்கொக்கி செய்து, கயிறு கட்டி இழுத்தார்கள். நிலத்துக்குத் தழை வேண்டுமென்றால் உருவி எடுத்தார்கள். பெண்கள் நாங்கள் தலைக்குத் தேய்க்கும் அரப்புக்காக உசிலை இலையைக் கூடை கூடையாகப் பறித்தோம். முளைத்து வருகிற கன்றுகளை ஆடுகள் தரையோடு தரையாகக் கடித்துவிடும். ஆக, இரும்பு படாமலே அந்தக் காடு மெல்லக் கரைந்தது. மனசறிந்து தப்புச் செய்தவர் ஒருவர்கூட இல்லை.

கற்களுக்கு அந்தப் பக்கம் நடந்ததையும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மழைக்கு அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. ஆவாரையும் விராலியும் மண்டின. பிறகு, வெட்டுப்பட்டுக் கிடந்த உசிலைக் கட்டைகளெல்லாம் துளிர்த்துச் சடைசடையாக எழுந்தன. ஒரு காலத்தில் முயல்கூட மறைய முடியாமல் இருந்த சரிவில் மயில் கத்தியது. சர்க்கார் எங்கள் மீது ஆசைப்பட்டு அதைச் செய்யவில்லை. அவர்களுக்குக் கட்டையும் கரியும் வேண்டும், ஒருநாள் கூப்பு என்று பகுதி பகுதியாக ஏலம் விட்டு வெட்டுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கண்ணால் பார்த்ததை இல்லையென்று சொல்ல எனக்கு வராது. காவல் இருந்த பக்கம் வளர்ந்தது, நாங்கள் கும்பிட்ட பக்கம் மொட்டையானது.

அதே வருஷங்களில் கீழே நிலக்கடலைப் பித்து பிடித்திருந்தது. சோளமும் கம்பும் போட்டவர்கள்கூடக் கடலைக்கு மாறினார்கள். ஆடுமாடு தின்னும் தட்டை குறைந்தது. அறுவடைக்குப் பிறகு நிலத்தில் ஆடு மேய்வதற்கு மிச்சம் எதுவும் இல்லை. ஆடு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சந்தைக்கு ஓட்டினார்கள். என் மந்தையையும் விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது.

நான் விற்க மாட்டேன் என்றேன். எங்களுக்குக் கன்னிமார் காட்டை ஒட்டி ஒரு மேட்டு நிலம் இருந்தது. சுண்ணாம்புக்கல் கலந்த மண், கடலைகூட ஒழுங்காக வராது. அதைக் கேட்டு வாங்கினேன். பிறந்த வீட்டுக்கு ஆள் அனுப்பி, ஆடி மாதத்தில் இரண்டு வண்டி நிறையக் கிளுவைப் போத்து வரவழைத்தேன். கை நீளத்துக்கு வெட்டிய கிளைகள்தான், மண்ணில் ஊன்றினால் வேர்விட்டுக்கொள்ளும். அதை நெருக்கமாக ஊன்றி, பிடிக்கிற வரைக்கும் வெளியே முள் அடித்து, உள்ளே கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவினோம். வெள்வேல விதையை ஆடுகளே கொண்டுவந்து போட்டன.

ஊர் சிரித்தது. வெள்ளாமை இல்லாத நிலத்துக்கு வேலியா, காற்று மேய்ந்துவிடும் என்று பயமா என்று கேட்டார்கள். மாமனாரே கேட்டார். சிரிப்பு ஒரு வருஷம் இருந்தது. வேலி உயர்ந்ததும் சிரிப்பு போய்ச் சண்டை வந்தது. அறுவடை முடிந்த நிலம் எல்லோருக்கும் பொது, அதை அடைக்க நீ யார் என்று பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் அறுவடையே செய்யவில்லையே, அப்புறம் எப்படி அறுவடை முடிந்த நிலமாகும் என்று கேட்டேன். பஞ்சாயத்து அத்தோடு கலைந்தது. என் வீட்டுக்காரர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததை நான் பார்த்துவிட்டேன்.

ஒரே ஒருத்தியிடம் மட்டும் என் வாய்ச்சாமர்த்தியம் எடுபடவில்லை. எங்கள் நிலத்தில் களை எடுக்க வரும் கூலிக்காரக் குடும்பத்துப் பெண் அவள். நாலைந்து ஆடு வைத்திருந்தாள். கையில் ஆட்டுக்குட்டியோடு வேலிக்கு வெளியே நின்று என்னைக் கேட்டாள்.

"உங்களுக்கு நெலம் இருக்குதுங்க, சுத்தி வேலி போட்டுக்கிட்டீங்க. நான் எதைச் சுத்திப் போடறதுங்க?"

அது சுருக்கென்று தைத்தது. சரிவை ரிசர்வு அடைத்தது, சமவெளியைக் கடலை அடைத்தது, மிச்சத்தை நான் அடைத்தேன். நிலம் இல்லாதவர்களுக்கு இந்த மூன்றும் ஒன்றுதான். அவள் ஆட்டை என் மந்தையோடு உள்ளே விடச் சொன்னேன். இரண்டு பட்டியையும் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு என்று பேசிக்கொண்டோம். இன்னொரு குடும்பத்துக்கும் அப்படி இடம் கொடுக்க முடிந்தது. மற்றவர்கள் ஆட்டை விற்றுவிட்டு, சிலர் ஜலகண்டாபுரம் பக்கம் தறிக்குடிகளிடம் வேலைக்குப் போனார்கள். என்னால் எல்லோரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. இதை விட்டுவிட்டுக் காடு வளர்ந்த கதையை மட்டும் சொல்வது அயோக்கியத்தனம்.

மழை பொய்த்த ஒரு வருஷம் வந்தது. என் மேட்டு நிலத்தில் புல் காய்ந்தாலும் நின்றது. என் ஆடுகள் மெலிந்தன, ஆனால் சாகவில்லை. கன்னிமார் காட்டில் அதற்குள் இலுப்பைகளையும் நாலைந்து வேம்புகளையும் தவிர மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்த இலுப்பைகளும் மழையில்லாமல் இலையைக் கொட்டிவிட்டன. பங்குனி மாதம் கன்னிமாருக்குப் பொங்கல் வைக்கப் போனபோது ஏழு கல்லும் கொதிக்கிற வெயிலில் இருந்தன. கையை வைத்த பூசாரி சட்டென்று எடுத்துக்கொண்டார்.

சாமிக்கு நிழல் வேண்டுமே என்று ஒரு பந்தல் போடத் தீர்மானித்தார்கள். பந்தல்கால் நடக் குழி தோண்ட முடியாது, இரும்பு படும். கம்புகளை நிறுத்திச் சுற்றிலும் கல்லைக் குவித்து எப்படியோ நிற்க வைத்தார்கள். மேலே போடத் தழை வேண்டும். ஊரில் எங்கேயும் தழை இல்லை. கற்குவியலுக்கு அந்தப் பக்கம், ரிசர்வில் இருந்தது. இரண்டு பேர் போய்க் கார்டிடம் கேட்டார்கள். கோயில் காரியம்தானே என்று அவரே முன்னால் நின்று நாலு கிளை வெட்டிக் கொடுத்தார். சர்க்கார் காட்டுத் தழையின் நிழலில் எங்கள் கன்னிமார் உட்கார்ந்திருந்தார்கள்.

மாமனார் அந்தத் தழையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு இலையில் பொங்கல் வைத்துக் கொடுத்தேன். வாங்கினார். பிறகு குனிந்து அதைக் கல்லுக்கு முன்னால் வைத்துவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தார். அதற்கப்புறம் ஒரு வாரம் அவர் பஞ்சாயத்து எதற்கும் போகவில்லை. கூப்பிட வந்தவர்களிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னார்.

மாமனார் அன்று கொடுத்த வாக்கை ஊர் மறந்திருந்தது. ஆபீசர் மாற்றலாகி எங்கோ போயிருப்பார். இந்தக் காடு போனால் என்னைக் கேளுங்கள் என்று மாமனார் சொன்னாரே, அதைக் கேட்க இனி யாரும் வரப்போவதில்லை. ஆனால் அவர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்தார். சாகிறதற்குள் அதற்கு ஒரு பதில் வேண்டும் அவருக்கு.

ஒரு நாள் காலையில் களியை வைத்துவிட்டு எதிரிலேயே நின்றேன். மாமனாரோடு அப்படி நேருக்கு நேர் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மாமியார் அடுப்படியிலிருந்து கண்ணால் ஜாடை காட்டினார். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"மாமா, கன்னிமாரைச் சுத்திக் கிளுவை நட்டா, நாலு மழையில நிமுந்துக்குமுங்க. வேரெல்லாம் உள்ள உசுரோடதான் கெடக்குதுங்க. சரிவைப் பாத்தீங்கல்ல."

"அது எனக்குத் தெரியாதா அம்மிணி? வேலி நடோணும்னா குழி தோண்டோணும். கடப்பாரையைக் கொண்டுபோய் அந்த மண்ணுல குத்தச் சொல்றயா?"

"கன்னிமார் மண்ணுல எதுக்குங்க குத்தோணும்? நம்ம மண்ணுல குத்தலாமுங்க."

அவர் களியைப் பிட்ட கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். எவ்வளவு விட வேண்டும் என்று கேட்டார். வேலியும் வேலியைச் சுற்றி ஆள் நடக்க வழியும் என்றால் ஒரு பாகம் அகலம், இரண்டு கையையும் விரித்த நீளம் போதும் என்றேன். அது கன்னிமார் காட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லோருடைய நிலத்திலும் போகுமே என்றார். போகும் என்றேன். களியை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, மூலையில் இருந்த கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

அன்று மேட்டு நிலத்துக்கு அடுத்த எங்கள் நிலத்தின் ஓரத்தில், கன்னிமார் காட்டின் விளிம்பிலிருந்து ஒரு பாகம் தள்ளி, முதல் குழியை அவரே குத்தினார். போத்து வெட்ட அக்கரைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. என் மேட்டு நிலத்து வேலியே கவாத்துக்குத் தயாராக நின்றது. காற்று மேய்ந்துவிடும் என்று சிரித்தவர்கள் வரிசையாக வந்து அந்த வேலியிலிருந்து போத்து வெட்டிப் போனார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகத்தில் தெரிந்திருக்கும், அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

காட்டைச் சுற்றி நிலம் வைத்திருந்தவர்களில் மாமனாரின் பங்காளி ஒருவர் மட்டும் மறுத்தார். கடலை விளைகிற நல்ல மண், அதில் ஒரு பாகம் அகலத்தை வேலிக்கு விட முடியாது என்றார். மாமனார் பேசிப் பார்த்தார். பூசாரி கன்னிமார் கோபத்தைச் சொல்லிப் பயமுறுத்திப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. நான் அவர் மனைவியிடம் போனேன். ஒரு பாகம் நிலத்தை விடுங்கள், கோடை முழுவதும் என் மந்தை உங்கள் நிலத்தில் பட்டி கிடக்கும் என்றேன். ஆடுகளை ஒரு நிலத்தில் அடைத்துப் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும், அதைவிட நல்ல உரம் எங்கள் பக்கத்தில் கிடையாது. சரிவு போனபின் தழை உரத்துக்கு ஊரே ஏங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து சரி என்றார். பங்காளிக்குக் கன்னிமார்மேல் திடீரென்று பக்தி வந்துவிட்டது.

வேலி பிடித்தது. மேலே ரிசர்வுப் பக்கம் மட்டும் வேலி போடவில்லை, அங்கேதான் கார்டு இருந்தாரே. ஆட்டை உள்ளே விடக்கூடாது, கொக்கி போட்டு இழுக்கக்கூடாது என்று இரண்டு புதுச் சட்டங்களை மாமனார் பழைய சட்டத்தோடு சேர்த்தார். ஆடு வைத்திருந்தவர்கள் வழியில்லாமல் தங்கள் நிலத்திலும் ஒரு மூலையைப் புல்லுக்கு அடைக்கத் தொடங்கினார்கள். அடிவாரத்தில் அங்கங்கே கிளுவை வேலி எழுந்தது. பழைய வழக்கம், யார் நிலத்திலும் யார் ஆடும் என்பது, அதோடு முடிந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. அந்தக் களை எடுக்கும் பெண்ணுக்கு இருந்தது. என்னிடம் அடிக்கடி சொல்வாள், நான் மறுத்துப் பேசுவதில்லை.

கன்னிமார் காடு திரும்பி வந்தது. புதிதாக எதுவும் நடவில்லை. மண்ணுக்குள் கிடந்த வேரும் ரிசர்வுப் பக்கமிருந்து காற்றும் பறவையும் கொண்டுவந்த விதையும்தான். உசிலை முதலில் வந்தது. இலுப்பைக்குக் கீழே இலுப்பைக் கன்றுகள், ஆடு கடிக்காத கன்றுகள், எழுந்து நின்றன. கூடவே காட்டுப்பன்றியும் வந்தது. மேலேயும் காடு, கீழேயும் காடு என்றானபின் அதற்கு என்ன தடை? கடலைக்குள் புகுந்து கிளறிப் போட்டுவிட்டுப் போகும். பங்காளி என்னைப் பார்க்கும்போதெல்லாம் பன்றியைத் திட்டுவார். என்னைத் திட்டுவதாக நினைத்துக்கொள்ளச் சொல்வார்.

பிறகு உலகச் சண்டைக் காலம் வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடிய சமயம். கரிக்காக ரிசர்வில் கூப்பு விட்டார்கள். மலைமேல் ஒரு பகுதி வெட்டுப்பட்டது. கன்னிமார் காட்டு மரத்துக்கும் விலை பேச ஒரு கண்டிராக்டர் வந்தார். இரும்பு படாமல் வெட்டிக்கொள்வதானால் வெட்டிக்கொள்ளுங்கள் என்று மாமனார் சொல்லி அனுப்பினார். நன்றாகச் சிரித்தோம்.

அந்தச் சமயத்தில் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு புதுக் கார்டு மாற்றலாகி வந்திருந்தார். இளைஞர், கடமையில் கண்டிப்பு. ஒரு நாள் நடுப்பகலில் பன்றி உடைத்த சந்து வழியாக எங்கள் ஆடுகள் சில கன்னிமார் காட்டுக்குள் நுழைந்துவிட்டன. அவற்றை ஓட்டிவர மாமனார் உள்ளே போனார். அதற்குள் அவருக்கு முதுகு வளைந்திருந்தது, கையில் ஒரு கம்பு. நான் சோற்றுச் சட்டியோடு வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். மேலேயிருந்து மரங்களுக்கு நடுவே புதுக் கார்டு இறங்கி வந்தார்.

"பெரியவரே, இது ரிசர்வு. உள்ள ஆடு விடக்கூடாதுன்னு தெரியாதா? இனிமே பார்த்தேன்னா பவுண்டுல அடைச்சிருவேன்."

எனக்கு வந்ததே கோபம். எல்லைக் கல் எங்கே இருக்கிறது, இவர் எங்கே நிற்கிறார்? கற்குவியலெல்லாம் புதருக்குள் மூடிப்போயிருந்தது. மலையிலிருந்து என் காலடி வரைக்கும் ஒரே காடு, எது சர்க்காருடையது, எது எங்களுடையது என்று பார்த்தால் தெரியாது. இது கன்னிமார் காடு, ஆபீசரிடம் ஜெயித்து வாங்கியது, நீ இறங்கி வந்தது எங்கள் மண் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாமனார் என் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"எதுவரைக்குமுங்க ரிசர்வு?"

கார்டு கையை நீட்டி என் கிளுவை வேலியைக் காட்டினார்.

"அந்த வேலி வரைக்கும். இவ்வளவு காடு தெரியுதே, பார்த்தா தெரியல?"

மாமனார் சுற்றிலும் பார்த்தார். தலைக்கு மேலே இலுப்பையைப் பார்த்தார். மரத்துக்கு அப்பால் ஏழு கல்லும் நிழலில் இருந்தன. சர்க்காருக்கு முன்னால் மார்பைத் தட்டி இது உங்களுடையது இல்லை என்று வாதாடி வென்ற மனிதர், கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கார்டைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆமாங்க சாமி. ரிசர்வுதானுங்க. கண்ணு மங்கிப்போச்சு, தெரியாம வந்துபோட்டேனுங்க."

ஆடுகளை ஓட்டிக்கொண்டு வெளியே வந்தார். வேலி ஓரத்தில் உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் இலையைப் போட்டுச் சோற்றை வைத்தேன். கார்டு மறுபடி மரங்களுக்குள் மறைகிற வரைக்கும் அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காடு போச்சுன்னா கேளுங்கன்னு சொன்னேனே, கேக்க வந்துட்டாங்க அம்மிணி," என்றார். "பதில் சொல்லிப்போட்டேன்."

பிறகு சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி, அதையும் சாப்பிட்டார்.